மண்ணுக்குள் புதைந்த எண்ணெய்த் தொட்டி: சொல் வேண்டும், வெள்ளிக்குள்

எடிசன், நியூஜெர்சியிலிருந்து:
சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். இங்கே, அமெரிக்காவின் எடிசன் நகரில், பழைய வீடு வாங்கும் நம்மவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எரிவாயுக் குழாய் வருமுன் கட்டிய பல வீடுகளில், கொல்லை மண்ணுக்குள், வீட்டைச் சூடாக்கும் கணப்பு எண்ணெய்க்கான இரும்புத் தொட்டி புதைந்து கிடக்கும். 550 காலன், 1000 காலன் பிடிக்கும். துருவேறி ஓட்டை விழுந்தால் எண்ணெய் நிலத்தடி நீர்வரை இறங்கும். செலவு வீட்டுக்காரர் தலையில். தொட்டி வேலைக்கு ஆளை அமர்த்துமுன் கேட்க வேண்டியவற்றை எழுதிவிட்டேன்: மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் சான்று இருக்கிறதா, நகராட்சி பெர்மிட்டை யார் எடுப்பது, மண் பரிசோதனையும் கூலியில் சேர்த்தியா.

இடிக்கும் இடம் ஒன்றுதான். தொட்டியைத் தோண்டி எடுக்காமல், உள்ளே சுத்தம் செய்து மணலோ நுரையோ நிரப்பிவிடுவதை இங்கே 'அபாண்டன்மென்ட்' என்கிறார்கள். 'கைவிடல்' என்று போட்டால், சும்மா விட்டுவிடலாம் என்றல்லவா படிப்பார்கள்?

திருச்சியிலிருந்து:
அம்மா, முதலில் 'தொட்டி'யே பொருந்தாது. தொட்டி வாய் திறந்தது. மாட்டுக்குக் கழுநீர் வைப்பது. மண்ணில் தாழ்ந்திருப்பது தாழி. ஆதிச்சநல்லூரில் எடுத்தவை என்ன? புறநானூற்றில் வரும் ஈமத்தாழி என்ன? 'நிலத்தாழி' என்று துணிந்து எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, வீடு வாங்கப் போகிறவரிடம் ஈமத்தாழியைப் பற்றியா கதைப்பது? எங்கள் பக்கம் தண்ணீர்த் தாங்கி, எண்ணெய்த் தாங்கி என்றுதான் புழக்கம். திருகோணமலையில் உள்ளவற்றைப் பத்திரிகைகள் எண்ணெய்க் குதங்கள் என்றும் எழுதும். தமிழ்நாட்டு மருத்துவ நூல்களில் குதத்துக்கு வேறு பொருள், அதனால் அது வேண்டாம்.

மதுரையிலிருந்து:
மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி மூடித்தானே இருக்கிறது? தொட்டி இருக்கட்டும். கேட்ட கேள்விக்கு வருவோம். ஊரில் பாழுங்கிணற்றை மண் போட்டு மூடினால் 'தூர்த்துவிட்டார்கள்' என்போம். 'தொட்டி தூர்த்தல்'. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

கோவையிலிருந்து:
இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்தது தூர்வாருதல் மட்டும். தூர்த்தலையும் அதுவென்றே எடுத்துக்கொள்வார்கள், பொருள் தலைகீழாகிவிடும்.

மதுரையிலிருந்து:
வேலையில் இரண்டுமே உண்டே! முதலில் மிச்ச எண்ணெயை உறிஞ்சி, அடியில் உறைந்த கசடை வழித்தெடுக்கிறார்கள், அது தூர்வாருதல். பிறகு மணல் கொட்டுகிறார்கள், அது தூர்த்தல். சொல் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுப்போம். அதற்குத்தானே இந்தக் குழு?

எடிசன், நியூஜெர்சியிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. 'தொட்டி' அப்படியே இருக்கட்டும். வெளியே எடுப்பதற்குத் 'தோண்டி அகற்றல்', எடுக்காமல் விடுவதற்கு 'நிரப்பி மூடல்'. ஐந்து பேர் தனிமடலில் இதற்கே சரி என்றார்கள். ஈழத்து வாசகர்களுக்காக, 'தொட்டி' முதன்முதலில் வரும் இடத்தில் 'தாங்கி'யும் சேர்த்தேன். இன்னொன்றும் எழுதியிருக்கிறேன்: தொட்டியை எடுத்தாலும் மூடினாலும், வெளியே தெரியும் எண்ணெய் ஊற்றும் குழாயையும் கழற்றச் சொல்லுங்கள். விலாசம் மாறி வரும் லாரிக்காரர் அதில் எண்ணெயை இறக்கிவிட்டால் வீடே நாசம்.

மதுரையிலிருந்து:
குழாய் விஷயம் மிக நல்லது. ஆனால் 'நிரப்பி மூடல்' என்றால், எண்ணெய் நிரப்பி மூடியைப் போடுவது என்றும் ஒருவர் படிக்கலாம். 'மணல் நிரப்பி' என்றாவது மாற்றுங்கள். தூர்த்தலை நான் விடுவதாக இல்லை.