கன்வல்யூஷனில் எதற்கு ஒன்றைத் திருப்பிப் போடுகிறோம்?

காட்பாடி_இசிஇ

வணக்கம். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) இரண்டாம் வருஷம், காட்பாடி பக்கம் படிக்கிறேன். சிக்னல்ஸ் பேப்பரில் கன்வல்யூஷன் வருகிறதே, ஒரு சிஸ்டத்துக்குள் போகிற சிக்னலை வைத்து வெளியே வருவதைக் கணக்கிடுகிற வழி, அதைப் போடத் தெரியும், புரியத்தான் இல்லை. "திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு" என்று நாலு வார்த்தை மனப்பாடம், அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எதற்குத் திருப்ப வேண்டும் என்று வகுப்பில் கேட்டேன். ஃபார்முலாவில் மைனஸ் இருக்கிறதே, அதனால்தான் என்றார்கள். அந்த மைனஸ் அங்கே எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வியே.

இன்னொரு தொல்லை. உள்ளீடு 3, 1, 2. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஒரே ஒரு தட்டுக்கு சிஸ்டம் தரும் பதில்) 4, 2, 1. கையால் போட்டால் 12, 10, 13, 5, 2 வருகிறது. லேப்பில் இதையே இரண்டுக்கும் எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேகமான கணக்கு) எடுத்து, பெருக்கி, இன்வர்ஸ் எடுத்தேன். 17, 12, 13 என்று மூன்றே எண் வந்து நிற்கிறது. எது சரி?

இன்டக்ரல் வடிவத்தில் கேட்டால் லிமிட் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். போன இன்டர்னலில் 16 மார்க் அதில்தான் போனது. யாராவது பொறுமையாகச் சொன்னால் புண்ணியம்.

பாலாற்று_மணல்

தம்பி, நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை, சிவில். ஏரி, மதகு, வெள்ளக் கணக்கு என்று காலம் தள்ளியவன். ஆனால் நீ கேட்கிற இதே கணக்கை நாங்களும் போடுகிறோம், வேறு பெயரில். யூனிட் ஹைட்ரோகிராஃப் என்போம், 1932-ல் ஷெர்மன் என்பவர் கொண்டுவந்தது. அதை வைத்தே சொல்கிறேன், உன் எண்களையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு ஏரி. அதன் நீர்ப்பிடிப்பில் ஒரே ஒரு நாள் 1 செ.மீ. மழை பெய்தால் அன்றைக்கு ஏரிக்கு 4 பங்கு தண்ணீர் வருகிறது, மறுநாள் 2 பங்கு, அதற்கு மறுநாள் 1, அப்புறம் ஒன்றுமில்லை. இதுதான் உன்னுடைய இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். இப்போது மூன்று நாள் தொடர்ந்து 3, 1, 2 செ.மீ. என்று பெய்கிறது. ஒவ்வொரு நாள் மழைக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுது:

முதல் நாள் மழை: 12, 6, 3
இரண்டாம் நாள் மழை (ஒரு நாள் தள்ளி): 0, 4, 2, 1
மூன்றாம் நாள் மழை (இரண்டு நாள் தள்ளி): 0, 0, 8, 4, 2

நாள் வாரியாகக் கூட்டு. 12, 10, 13, 5, 2. எங்கேயாவது எதையாவது திருப்பினோமா? இல்லை. மழை வந்த வரிசையில்தான் வந்தது, தண்ணீரும் வழிந்த வரிசையில்தான் வழிந்தது.

சரி, இப்போது கணக்கு நோட்டை மூடிவிட்டு மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரையில் போய் நில். இன்று வருகிற 13 பங்கு எங்கிருந்து வந்தது? இன்றைய மழை 2, அது புதுத் தண்ணீர், அதற்கு 4. நேற்றைய மழை 1, அதற்கு ஒரு நாள் வயதாகிவிட்டது, அதனால் 2. முந்தாநாள் மழை 3, அதற்கு இரண்டு நாள் வயது, கடைசிச் சொட்டு, 1. மழையைத் தேதி வரிசையில் எழுதினால் 3, 1, 2. அதன் கீழே சேருகிற பெருக்கல் எண்கள் 1, 2, 4. பார்த்தாயா, திரும்பி நிற்கிறது! நாம் திருப்பவில்லை. எது முதலில் பெய்ததோ அதற்குத்தான் வயது அதிகம், அவ்வளவுதான் விஷயம். பெய்த தேதியும் அதன் வயதும் கூடினால் இன்றைய தேதி, அப்படியானால் வயது என்பது இன்றைய தேதி கழித்தல் பெய்த தேதி. உன் ஃபார்முலாவில் இருக்கிற மைனஸ் அதுதான். முதல் வழியில் ஒவ்வொரு மழையாகப் பின்தொடர்ந்தோம், இரண்டாவது வழியில் ஒரு நாளில் நின்று பின்னால் பார்த்தோம். புத்தகம் இரண்டாவதை மட்டும் சொல்லிவிட்டு முதலாவதைச் சொல்லாமல் விட்டால் பையன்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 3 செ.மீ. பெய்தால் மூன்று மடங்கு வரும், இன்று பெய்தாலும் நாளை பெய்தாலும் ஒரே மாதிரி வழியும் என்று இரண்டு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டோம். உங்கள் பாடத்தில் லீனியர், டைம் இன்வேரியன்ட் என்பது இதைத்தான். நம்ம வேலூரைத் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று சொல்வார்களே, அந்தப் பாலாற்றில் போய் இதைப் பார். கோடை முடிந்து முதல் மழை பெய்தால் மணல் அப்படியே குடித்துவிடும், ஆற்றில் ஒரு கை தண்ணீர் வராது. அதே மழை நவம்பரில், மண் நனைந்து கிடக்கும்போது பெய்தால் 2021-ல் பார்த்த மாதிரி கரை புரளும். அதே 1 செ.மீ.தான், ரெஸ்பான்ஸ் வேறு. அதனால்தான் நாங்கள் மண் குடிக்கிற பங்கை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் ஓடுகிற மழைக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடுவோம். சிஸ்டம் லீனியரா என்று பார்க்காமல் கன்வல்யூஷன் போட்டால் விடை வரும், ஆனால் அது எதற்கும் உதவாத விடை.

குடியாத்தம்_கணக்கு

மேலே சார் சொன்னதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. எஃப்எஃப்டி சங்கதிக்கு வருகிறேன், ஆனால் அதற்கு முன் ஒரு வேடிக்கை. 312-ஐ 421-ஆல் பெருக்கிப் பாருங்கள், நாலாம் வகுப்பில் போட்ட மாதிரி, ஆனால் மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாமல் ஒவ்வொரு இடத்திலும் வந்ததை அப்படியே எழுதுங்கள். 12, 10, 13, 5, 2. அதே எண்கள்! இப்போது வலமிருந்து மிச்சத்தைக் கொண்டுபோனால் 131352, கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளலாம். பத்து வயதிலிருந்து கன்வல்யூஷன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், பெயர்தான் தெரியாது. பல்லுறுப்புக் கோவைகளைப் பெருக்கினாலும் கெழுக்கள் இப்படித்தான் வரும். இரண்டு தாயக்கட்டை உருட்டிக் கூட்டினால் (நம்ம ஊர் நீளக்கட்டை இல்லை, ஆறு முகம் கொண்டது) 7 அதிகமாக விழுவதும் இதே கணக்கால்தான்.

உங்கள் 17, 12, 13 தப்பான எண்கள் இல்லை. வேறு கேள்விக்கான சரியான விடை. எஃப்எஃப்டிக்கு மூன்று இடம்தான் கொடுத்தீர்கள். அது காலத்தை நேர்கோடாகப் பார்க்காது, வளையமாகப் பார்க்கும், மூன்றாம் நாளுக்கு அடுத்து மறுபடி முதல் நாள். நாலாம் நாள் வரவேண்டிய 5 சுற்றிவந்து முதல் நாள் 12 மேல் விழுந்து 17 ஆனது. ஐந்தாம் நாளின் 2 போய் 10 மேல் உட்கார்ந்து 12 ஆனது. இதைத்தான் சர்குலர் கன்வல்யூஷன் என்கிறார்கள். மருந்து சுலபம்: 3 எண்ணும் 3 எண்ணும் சேர்ந்தால் விடையில் 3 + 3 − 1 = 5 எண். குறைந்தது ஐந்து இடம் வருகிற மாதிரி இரண்டுக்கும் பின்னால் பூஜ்யம் போட்டு நிரப்புங்கள், 8 வைத்தாலும் கெட்டுப்போகாது, கடைசியில் மூன்று பூஜ்யம் வரும், அவ்வளவுதான். நாலு இடம் வைத்தால் 14, 10, 13, 5 வரும், அது பாதி நனைந்த கேஸ்.

ஒரு சோதனை சொல்லித் தருகிறேன், பரீட்சை ஹாலில் உதவும். உள்ளீட்டின் கூட்டுத்தொகை 6, ரெஸ்பான்ஸின் கூட்டுத்தொகை 7, விடையின் கூட்டுத்தொகை 42 வந்தே ஆகவேண்டும். 12 + 10 + 13 + 5 + 2 = 42. ஆனால் 17 + 12 + 13-ம் 42தான்! தண்ணீர் எங்கும் காணாமல் போகவில்லை, இடம்தான் மாறியது. அதனால் இந்தச் சோதனை பெருக்கல் பிழையைப் பிடிக்கும், சுற்றிவருகிற பிழையைப் பிடிக்காது. எண்களை எண்ணிப் பார்ப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

அப்புறம், மூன்று எண்ணுக்கு எஃப்எஃப்டி எதற்கு என்று தோன்றினால் அது நியாயமான எண்ணம்தான். ஒரு விநாடி ஆடியோ, விநாடிக்கு 44100 சாம்பிள் என்று வைத்து, அதே நீளமுள்ள ஒரு எதிரொலியோடு நேரடியாகப் போட்டால் 194 கோடிப் பெருக்கல். எஃப்எஃப்டி வழியாகப் போனால் ஒன்றிரண்டு கோடியில் முடிந்துவிடும். 1965-ல் கூலியும் டூக்கியும் இதை வெளியிட்ட பிறகுதான் கம்ப்யூட்டரில் இதெல்லாம் நடைமுறைக்கு வந்தது. இதே உத்தியை 1805 வாக்கிலேயே கணித மேதை காஸ் எழுதி வைத்திருந்தார் என்பது வேறு கதை, மனுஷர் எதை விட்டார்.

ராணிப்பேட்டை_டையோடு

இன்டக்ரல் லிமிட் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். ஃபார்முலாவைப் பார்த்து லிமிட் போடாதே தம்பி, படம் போடு. நானும் ஒரு அரியர் வைத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு செவ்வகம் எடுத்துக்கொள், இரண்டுக்கும் உயரம் 1. ஒன்று 0 முதல் 3 வரை, அது அசையாது. மற்றது 0 முதல் 2 வரை, அதைத் திருப்பினால் −2 முதல் 0 வரை, இப்போது அதை வலப்பக்கம் நகர்த்து. பேப்பரில் இரண்டு அட்டை வெட்டி ஒன்றன் மேல் ஒன்று தள்ளிப் பார்த்தாலே போதும். நேரத்தை டி என்று வைத்தால், நகர்கிற அட்டையின் முன் விளிம்பு டி, பின் விளிம்பு டி − 2. இந்த இரண்டு விளிம்பும் அசையாத அட்டையின் இரண்டு விளிம்பைக் (0, 3) கடக்கும் நேரங்கள்தான் உன் கேஸ்கள். முன் விளிம்பு 0-ஐத் தொடும்போது விடை தொடங்கும். பின் விளிம்பு 0-ஐத் தொடும்போது (டி = 2) அட்டை முழுசாக உள்ளே போய்விட்டது, விடை 2. முன் விளிம்பு 3-ஐத் தாண்டினால் வெளியேற ஆரம்பிக்கிறது, பின் விளிம்பும் 3-ஐத் தாண்டினால் (டி = 5) எல்லாம் முடிந்தது. 0-வில் தொடங்கி 2-இல் உச்சி, 3 வரை சமதளம், 5-இல் தரை. ஒரு சரிவகம். பரப்பு 6, இரண்டு செவ்வகத்தின் பரப்பைப் பெருக்கினாலும் 6.

லிமிட் எப்போதும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடம் மட்டும். எதைத் திருப்பினாலும் விடை ஒன்றுதான், அதனால் எளிதான உருவத்தைத் திருப்பு, நாற்றம் பிடித்த ஃபங்ஷனைத் தொடாதே. ஜெர்மன்காரர்கள் இதற்கு ஃபால்டுங் என்று பெயர் வைத்தார்கள், மடித்தல் என்று பொருள், காகிதத்தை மடிக்கிற மாதிரி. நம் பாடத்தில் அந்தப் பெயரே வந்திருந்தால் பாதிப் பேர் பாஸ் ஆகியிருப்பார்கள்.

டைம் கான்ஸ்டன்ட் (ஏறி இறங்கும் வேகத்தின் அளவு) 1 விநாடி உள்ள ஆர்சி சர்க்யூட்டுக்கு, அதாவது ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்ததற்கு, 2 விநாடி மட்டும் 1 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இதே அட்டையில் போட்டுப் பார். கெபாசிட்டர் ஏறி 2 விநாடி முடியும்போது சுமார் 0.86 வோல்ட்டில் நிற்கும், அங்கிருந்து இறங்கும். ஏறும் கேஸ், இறங்கும் கேஸ் இரண்டின் கணக்கும் அந்த இடத்தில் ஒரே எண்ணைத் தரவேண்டும், தராவிட்டால் லிமிட்டில் பிழை.

ஜவ்வாது_மலை

கொஞ்சம் தள்ளி நின்று ஒரு உதாரணம். பழைய வட ஆற்காட்டில், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதல்லவா, அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி. நட்சத்திரம் நமக்கு ஒரு புள்ளி. ஆனால் காற்று மண்டலம் ஆடுவதால் படத்தில் அது ஒரு சின்ன மழுங்கலாகத்தான் விழும். வானத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அதே மழுங்கலை வைத்துக் கூட்டினால் கிடைப்பதுதான் படம். ஏரியில் ஒரு மழைக்கு ஒரு வழிவு, இங்கே ஒரு புள்ளிக்கு ஒரு மழுங்கல், திசைதான் இரண்டு.

இதைத் தலைகீழாகப் போட்டு, மழுங்கிய படத்திலிருந்து கூர்மையானதை எடுக்கலாமே என்று ஆசை வரும். டீகன்வல்யூஷன். எஃப்எஃப்டியில் பெருக்கினதை வகுத்தால் போதாதா என்றால், வகுக்கிற எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் இடங்களில் நாய்ஸ் வீங்கிவிடும். 1990-ல் ஏவிய ஹப்பிளின் கண்ணாடியில் பிழை இருந்தபோது, 1993-ல் விண்வெளியிலேயே பழுது பார்க்கும் வரை, அதைவிடப் பக்குவமான முறைகளால்தான் படங்களைத் தேற்றினார்கள்.

இன்னொன்று, ஏஐ பாடத்தில் கன்வல்யூஷனல் நெட்வொர்க் என்று வரும்போது குழம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் திருப்புவதே இல்லை, அது உண்மையில் கோரிலேஷன், அதாவது திருப்பாமல் நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது. எடைகளை மெஷினே கற்றுக்கொள்வதால் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

காட்பாடி_இசிஇ

எல்லாருக்கும் நன்றி. ஏரிக்கரை சார், "வயது" என்று சொன்னீர்களே, அந்த ஒரு வார்த்தையில் பிடிபட்டது. எட்டு இடம் வைத்து மறுபடி போட்டேன், 12, 10, 13, 5, 2, அப்புறம் மூன்று பூஜ்யம்.

டையோடு அண்ணா, உங்கள் இரண்டு செவ்வகத்தையும் பைத்தானில் 0.01 இடைவெளியில் சாம்பிள் எடுத்து நம்பை என்ற கணக்கு லைப்ரரியின் கன்வால்வ் போட்டுப் பார்த்தேன். சரிவகம் அச்சாக வருகிறது. ஆனால் உச்சி 2 வரவேண்டிய இடத்தில் 200 வருகிறது?

ராணிப்பேட்டை_டையோடு

அது வெறும் கூட்டல், இன்டக்ரல் இல்லை. ஒவ்வொரு பட்டைக்கும் அகலம் 0.01 உண்டே, அதை யார் பெருக்குவார்? கடைசியில் 0.01-ஆல் பெருக்கு.