நண்டு வாடிக்குக் காபன் கணக்கு: எங்கையிருந்து தொடங்கிறது?

குருநகரான்:
வணக்கம். எங்கட வாடி நண்டு பதனிட்டுக் கொழும்புக்கு அனுப்பிற சின்ன இடம். வாங்கிற கொம்பனி பங்குச் சந்தையில இருக்கிறது. போன வருசத்துக் காபன், தண்ணிக் கணக்குக் கேட்டுப் படிவம் வந்திருக்கு. கரண்ட் பில், டீசல் பற்றுச்சீட்டு இருக்கு. கிணத்துக்கு மீற்றர் இல்லை. உதை நாங்கள் செய்யத்தான் வேணுமோ?

ஏட்டுப்பிள்ளை:
சட்டக் கட்டாயம் உங்களுக்கில்லை. சந்தையின்ர முதல் 100 நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி 1 இல இருந்து எஸ்எல்எப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 எண்ட இலங்கை நிலைபேற்று, காலநிலை அறிக்கை நியமங்கள் வந்திட்டுது. அவையின்ர ஸ்கோப் 3 க்குள்ள, அதாவது அவைக்குச் சாமான் குடுக்கிற ஆக்கள் மாதிரி வெளியாக்களால வாற வாயுக் கணக்குக்குள்ள, நீங்கள் வாறியள். நீங்கள் குடுக்காட்டி ஏதாவது சராசரியைப் போடுவினம். கூரையில சோலர் பூட்டியிருந்தாலும் அது தெரியாது.

டீசல் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. 400 லீற்றரெண்டால் 1,080 கிலோ. லீற்றரைத்தான் எழுதோணும். காசை விலையால பிரிச்சால் 2022 மாதிரி விலை தாறுமாறா ஏறின வருசத்தில கணக்குக் கவிழும். கரண்டுக்கு இந்தியக் காரணியை (ஒரு யூனிற்றுக்கு எவ்வளவு காபன் எண்ட எண்) எடுத்துப் போடாதேங்கோ. அங்க நிலக்கரி கூட, இங்க நீர்மின் கலக்குது.

குளிரறை:
எல்லாரும் கணக்கில சேர்க்க மறக்கிறது குளிரறைக் காஸ். வருசத்தில 5 கிலோ ஆர்-404ஏ அடிச்சிருந்தால் அவ்வளவும் கசிஞ்சதெண்டுதான் அர்த்தம். ஐநா காலநிலைக் குழு ஐபிசிசியின்ர 6ஆம் அறிக்கைப்படி பெருக்கு எண் (ஒரு கிலோ காஸ் எத்தினை கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன் எண்டது) 4,728, அதால 23.6 தொன் வரும். கிட்டத்தட்ட 8,700 லீற்றர் டீசல்! 4ஆம் அறிக்கையின்ர பழைய 3,922 ஐப் போட்டால் குறைஞ்சு காட்டும். மெக்கானிக்கிட்ட கிலோ எழுதின பில் கேளுங்கோ. "காஸ் அடிச்சது" எண்டு மட்டும் எழுதினால் உதவாது.

சுண்ணக்கல்:
கிணத்துக்கு: 200 லீற்றர் பரலை நிரப்பி நேரம் பாருங்கோ. 50 செக்கனெண்டால் மணிக்கு 14,400 லீற்றர். பம்ப் ஓடின மணியால பெருக்குங்கோ. ஆவணியில நீர்மட்டம் இறங்க ஓட்டமும் குறையும், அதால மாரியில ஒருக்கா, கோடையில ஒருக்கா அளக்கோணும். உப்பறிய மின்கடத்துதிறனையும் சேர்த்துக் குறியுங்கோ.

நாட்டு அபிவிருத்தி எண்டு பெரிசாக் கதைக்கினம். ஐநாவின்ர நிலைபேறான அபிவிருத்தி இலக்கு 12.6 இன்ர குறிகாட்டி எத்தினை நிறுவனம் நிலைபேற்று அறிக்கை விட்டதெண்டுதான் எண்ணுது. மரம் நட்ட படம் போட்ட அறிக்கையால இஞ்ச ஒரு கிணறும் தப்பாது. ஒரே சுண்ணக்கல் நிலத்தடித் தண்ணியில இருந்துதான் தோட்டமும் வீடும் வாடியும் இறைக்குது. ஆர் எவ்வளவு இறைக்கினம் எண்ட கணக்கு வந்தால் பிரதேச சபையும் அதை வைச்சுத் திட்டம் போடலாம்.

குருநகரான்:
நன்றி. பழைய குளிரறையில இருக்கிற காஸ் ஆர்-22. அதுக்கும் இதே கணக்கோ?

குளிரறை:
இல்லை. அது கியோட்டோ ஒப்பந்தத்தின்ர வாயுப் பட்டியலில இல்லாதது. கிலோவை எழுதி ஸ்கோப் எண்ட பிரிவுகளுக்கு வெளியில தனி வரியாக் காட்டுங்கோ.