ஸ்காட்லாந்து ஓட்டும் பவுண்டும் – குடும்பக் குழுவில்

அத்தை: தம்பி, ஸ்காட்லாந்துல மறுபடியும் தனி நாட்டு ஓட்டு வைக்கணும்னு பேச்சு வருதே. 2014-லயே முடிஞ்சுபோன விஷயம்தானே?

சித்தப்பா: 2014 செப்டம்பர் 18 அக்கா. வேண்டாம்னு 55.3 சதவீதம், வேணும்னு 44.7. ஆனா நினைச்சவுடனே மறுபடி வைக்க முடியாது. 2012-ல லண்டன் அரசு, ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோவோட பேர்ல போட்ட எடின்பரோ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுத் தற்காலிகமா அதிகாரம் குடுத்ததாலதான் அது நடந்துச்சு. லண்டன் சம்மதம் இல்லாம எடின்பரோவுல இருக்கிற ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானா சட்டம் போட முடியாதுன்னு 2022 நவம்பர் 23-ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

நான்: அங்க இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஓட்டு இருந்துச்சா?

அண்ணன்: இருந்துச்சுடா. எங்க பிறந்தோம்ங்கிறது கணக்கில்ல, எங்க குடியிருக்கோம்ங்கிறதுதான் கணக்கு. இந்தியா, இலங்கை மாதிரி காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் வச்சிருந்தாலும், முறையான விசாவோட அங்க இருந்து பேரைப் பதிஞ்சிருந்தா போதும். வயசு 16 ஆகியிருந்தா போதும். லண்டன்ல குடியிருந்த ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடையாது.

அத்தை: எண்ணெய் வளம் இருக்கே, பணத்துக்கு என்ன குறை?

சித்தப்பா: அதை நம்பித்தான் கணக்கு போட்டாங்க. தனி நாடானா என்ன செய்வோம்னு ஸ்காட்லாந்து அரசு போட்ட 2013 வெள்ளை அறிக்கையில எண்ணெய் பீப்பாய்க்கு சுமார் 110 டாலர். ஜெயிச்சிருந்தா 2016 மார்ச் 24 சுதந்திர நாள். அந்த ஜனவரியில விலை 30 டாலருக்குக் கீழ போயிடுச்சு. ஆனா எண்ணெயை விடப் பெரிய சிக்கல் நாணயம்தான். எல்லாரும் அதைக் கடைசியாத்தான் கேக்குறாங்க.

நான்: பவுண்டையே வச்சுக்கிட்டா என்ன சித்தப்பா?

சித்தப்பா: வச்சுக்கலாம், யாரும் தடுக்க முடியாது. மாண்டினீக்ரோ யாரையும் கேக்காம யூரோவைப் பயன்படுத்துது. ஆனா வங்கி தள்ளாடினா பணம் குடுத்துத் தாங்க மத்திய வங்கி வேணுமே! அதனாலதான் பிரிட்டனோட மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தைப் பொதுவா வச்சுக்கலாம்னு எடின்பரோ கேட்டுச்சு. 2014 பிப்ரவரியில அப்போதைய பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் முடியாதுன்னுட்டார். மத்த ரெண்டு பெரிய கட்சியும் அவரோட சேர்ந்துக்கிச்சு. ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி, வேணும்னு முடிவு வந்தா தன்னோட பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாத்துவோம்னு ஆர்பிஎஸ் (ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து) அறிவிச்சுது.

அண்ணன்: பொது நாணயம்னு ஒத்துக்கிட்டாலும் நிக்கும்னு உறுதி இல்ல. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1-ல பிரிஞ்சப்போ ஆறு மாசமாவது ஒரே நாணயம்னு பேச்சு. பிப்ரவரி 8-லயே ரெண்டாப் போச்சு. ஸ்லோவாக் பணத்தோட மதிப்பு இறங்கும்னு பயந்து ஜனங்க டெபாசிட்டைச் செக் வங்கிகளுக்கு மாத்திட்டாங்க. அப்புறம் பழைய நோட்டு மேலயே ஸ்டாம்ப் ஒட்டி இது உன்னது, இது என்னதுன்னு பிரிச்சாங்க.

அத்தை: அப்போ வீட்டுக் கடன் வாங்கினவங்க கதி?

அண்ணன்: அதுதான் அடிவயித்துல கைவைக்கிற கேள்வி அத்தை. கடன் பவுண்டுல, சம்பளம் புது நாணயத்துலன்னு வைங்க. ஒரு புது நாணயம் 80 பென்சுக்கு (100 பென்ஸ் ஒரு பவுண்டு) இறங்கினா, 800 பவுண்டு தவணைக்கு 1000 புது நாணயம் கட்டணும். பத்திரம் ஸ்காட்லாந்துச் சட்டப்படி இருந்தா அந்த நாடாளுமன்றம் கடனையும் புது நாணயத்துக்கு மாத்தச் சட்டம் போடப் பார்க்கலாம். இங்கிலாந்துச் சட்டப்படி இருந்தா ரொம்பக் கஷ்டம். பத்திரத்துல எந்தச் சட்டம்னு எழுதியிருக்குன்னு பார்க்கணும்.

நான்: நாட்டோட பழைய கடன்?

சித்தப்பா: 2014 ஜனவரியிலயே பழைய கடன் பத்திரத்துக்கெல்லாம் நாங்களே பொறுப்புன்னு லண்டன் சொல்லிடுச்சு, இல்லேன்னா சந்தையில வட்டி ஏறியிருக்கும். ஸ்காட்லாந்து தன் பங்கை லண்டனுக்குக் கட்டணும். மக்கள்தொகைப்படி 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. நாணயத்துல பங்கு இல்லேன்னா கடன்லயும் பங்கு இல்லன்னு அப்போ ஸ்காட்லாந்து அரசோட தலைவரா இருந்த சால்மண்ட் வாதாடினார். எனக்கு அது சரியாப் படல. முதல் நாளே கடனைத் தள்ளிவிட்ட நாட்டுக்கு மறுநாள் யார் குறைஞ்ச வட்டிக்குக் குடுப்பாங்க?

அத்தை: பென்ஷன்?

சித்தப்பா: அரசு பென்ஷனுக்குத் தனியா சேமிச்ச நிதி கிடையாது அக்கா. இன்னிக்கு வர்ற வரியிலிருந்து இன்னிக்குக் குடுக்கிறாங்க. பிரிஞ்சா ஸ்காட்லாந்து அரசுதான் குடுக்கும்னு வெள்ளை அறிக்கையே சொல்லுச்சு. எந்த நாணயத்துல குடுக்கும்ங்கிறதுதான் கேள்வி.

நான்: இப்போ அவங்க திட்டம் என்ன?

அண்ணன்: ஸ்காட்லாந்து அரசோட 2022 அக்டோபர் அறிக்கைப்படி முதல்ல பவுண்டு, நிலைமை கூடி வந்தப்புறம் ஸ்காட்டிஷ் பவுண்டு. எந்தத் தேதின்னு போடல. அந்த இடைக்காலம் நீள நீள, வட்டியை லண்டன்தான் முடிவு பண்ணும்.