பழைய தெருவின் கடைகளையும் குடும்பங்களையும் கதவு வாரியாகப் பட்டியலிடுவது எப்படி? (மதுரை, மாசி வீதி வட்டாரம்)

மாசிக்குறுக்கு (கேள்வி)

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெரு. இரண்டு சிறகும் சேர்த்து நாற்பது சொச்சம் கதவு. 1955 முதல் 1990 வரை எந்தக் கதவில் எந்தக் குடும்பம், எந்தக் கடை என்று தெருக்காரர்கள் வாட்ஸப்பில் சொல்வதைத் தொகுக்கிறோம். முந்நூறு செய்திக்கு மேல் சேர்ந்துவிட்டது, ஆனால் ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. ஒரே காப்பித்தூள் கடை மூன்று இடத்தில் இருக்கிறது. விறகுக்கடை மூடிய வருஷம் ஆளாளுக்குப் பதினைந்து வருஷம் தள்ளிப் போகிறது. எதை வைத்து முடிவு செய்வது? வெளியிடும்போது எதை விட்டுவிட வேண்டும்?

நாலெல்லை (பதில்)

ஆளை வைத்துத் தொடங்கியதுதான் சிக்கல். கதவை வைத்துத் தொடங்குங்கள். ஆள் இடம் மாறுவார், கடை இரண்டு கதவு தள்ளிப் போகும், மனை நகராது.

கதவிலக்கத்தையும் நம்ப வேண்டாம். மாநகராட்சி இலக்கம் மாற்றியிருக்கும். 1958 ரசீதில் உள்ள 12-ம் 1985 ரசீதில் உள்ள 12-ம் ஒரே கட்டடம் என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு கதவு தள்ளிப் போய்விடும். நகர நில அளவை எண்ணை (டி.எஸ். நம்பர்) முதுகெலும்பாக வையுங்கள். வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் மூன்றும் தெரிந்தால் அரசின் இணையதளத்திலேயே பதிவேட்டுச் சாறு (அந்த மனைக்கான பதிவு மட்டும்) பார்க்கலாம். அதற்குப் பக்கத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கட்டம் போடுங்கள். நிலைக்கு மேலே பழைய தகரத் தகடு இன்னும் இருக்கும் வீடுகளைப் படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மனை பிரிந்த இடத்தில் 14ஏ, 14பி வரும். அது பெரும்பாலும் பாகப்பிரிவினை நடந்ததற்கு அடையாளம்.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். அதில் கிடைக்கும் ஆவண எண்ணைக் கொண்டு கிரயம், பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு நகல் மனு போடலாம். பதிவு அலுவலகத்தில் அசையாச் சொத்துக்கான 1-ம் புத்தகத்தை யாரும் பார்வையிடலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்று தலைமுறை வந்துவிடும்.

பத்திரத்தில் உங்களுக்கு வேண்டியது நான்கெல்லை, அதாவது சொத்தின் நான்கு பக்கமும் யார் இடம் என்ற விவரம். இங்கே இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

ஒன்று: ‘பாத்திரக்கடைக்காரர் வீட்டுக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால், எழுதப்படும் சொத்துதான் வடக்கே இருக்கிறது, பாத்திரக்கடைக்காரர் வீடு தெற்கே. இதைத் தலைகீழாகப் படித்துப் பக்கத்து வீடுகளை மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

இரண்டு: பத்திரம் எழுதுபவர்கள் எல்லையை மூலப் பத்திரத்திலிருந்து (அதே சொத்தின் முந்தைய பத்திரம்) அப்படியே இறக்கி வைப்பார்கள். 1985 பத்திரத்தில் எல்லையாக நிற்கும் ஆள் முப்பது வருஷத்துக்கு முன்பே காலமாகியிருக்கலாம். ஆகவே எல்லைப் பெயருக்குப் பத்திரத் தேதியைப் போடாதீர்கள், ‘இந்தத் தேதிக்கு முன்’ என்று மட்டும் குறியுங்கள். ‘வகையறா’, ‘வாரிசுகள்’ என்று இருந்தால் எழுதியவர் கொஞ்சமாவது விசாரித்திருக்கிறார் என்று அர்த்தம்.

‘எங்கள் வீடு நாயக்கர் காலத்தது’ என்று சொல்பவர்கள் கட்டாயம் வருவார்கள். மாசி வீதி கோட்டைக்குள் இருந்த வீதி, அங்கே அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. வெளி வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதிக் கதவுக்கு அது செல்லாது. கலெக்டர் பிளாக்பர்ன் 1840-ஐ ஒட்டிக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு போட்ட வீதிகள் அவை.

பழையபில் (பதில்)

நாலெல்லை அண்ணே சொன்னது வீட்டுக்குச் சரி. கடைக்குப் பாதிதான் உதவும். அந்த வட்டாரத்தில் கடைக்காரர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள், பகடி (வாடகைக்கு மேல் மொத்தமாகக் கொடுக்கும் தொகை) கொடுத்து உள்ளே வந்தவர்கள். அவர்கள் பெயர் வில்லங்கத்தில் வரவே வராது. கடையைக் கடைக் காகிதத்தில்தான் தேட வேண்டும்: பில், மஞ்சப்பை, காலண்டர் அட்டை, ஊதுபத்தி லேபிள், கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கும் அச்சகப் பெயர்.

தேதி இல்லாத காகிதத்துக்கும் வயசு சொல்லலாம். அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். ‘ந.பை.’ (நயா பைசா) இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். ‘சென்னை மாநிலம்’ என்று அச்சடித்திருந்தால் 1969-க்கு முன் அடித்த தாள். ‘மதுரை முனிசிபாலிட்டி’ என்றால் 1971-க்கு முன், மாநகராட்சி ஆனது அந்த வருஷம்தான். 625001 என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் இருக்கவே முடியாது. இதைத் திருப்பிப் போடக் கூடாது: பின்கோடு வந்த பிறகும் ‘மதுரை-1’ என்றே அடித்துக்கொண்டிருந்த கடைகள் ஏராளம்.

போர்டில் பழைய தும்பிக்கை வடிவ லை, ணை எழுத்து இருந்தால் 1978-க்கு முன் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. எழுத்துச் சீர்திருத்த ஆணை அந்த வருஷம் வந்தது உண்மை. ஆனால் போர்டு எழுதும் பெயிண்டர் கை அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

இன்னொரு சாட்சி அடுப்படியில் இருக்கிறது. பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம். கொடுத்தவர் பெயர், இனிஷியல், பல நேரம் தேதியும் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்தால் தேய்ந்த எழுத்தும் படத்தில் தெரியும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளையாக அடித்துவிடும்.

திண்ணை (பதில்)

மூன்று இடத்தில் இருக்கும் காப்பித்தூள் கடை உண்மையிலேயே மூன்று இடத்தில் இருந்திருக்கலாம்! யாரையும் தப்பென்று அடிப்பதற்கு முன் ‘அப்போது அரவை மிஷின் உள்ளே இருந்ததா, தனியாக இருந்ததா?’ என்று கேளுங்கள். இடம் மாறிய கடையை அதன் சாமான் காட்டிக் கொடுக்கும்.

ஒரு கடைக்கு மூன்று பெயர் எழுதுங்கள்: போர்டில் உள்ளது, தெரு கூப்பிட்டது, உரிமையாளர் பெயர். பில்லில் ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று இருக்கும், தெருவுக்கு அது ‘மூலைக் கடை’. உங்கள் முந்நூறு செய்தியில் பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. ‘மீனாட்சி கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னாலா பின்னாலா?’ என்று கேளுங்கள். 1963, 1974, 1995 என்று மூன்று ஆணி அடித்தாகிவிட்டது. நடுவில் 1981 ஜனவரி உலகத் தமிழ் மாநாடு. பெண்களிடம் கேட்கும்போது ‘தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த காலமா, வீட்டுக்குக் குழாய் வந்த பிறகா?’ என்று கேட்டால் ஆண்களை விடத் துல்லியமாகச் சொல்வார்கள். பகலில் தெருவில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் தனித்தனியாகப் பேசுங்கள், பிறகு இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். முதலிலேயே கூட்டமாக உட்கார்ந்தால் குரல் பெரியவர் சொன்னதே எல்லோருக்கும் நினைவாகிவிடும். வாட்ஸப் குழுவில் நடந்திருப்பதும் இதுவே. தெருவை வரைந்து குறித்துக்கொள்ளப் பத்துக் கதவுக்கு ஒரு சார்ட் பேப்பர் போதும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஆவணம், கண்டது, கேட்டது என்று ஆ, க, கே எழுதுங்கள். பிறகு திரும்பிப் பார்க்கும்போது இந்த ஓரெழுத்துதான் உங்களைக் காப்பாற்றும்.

காம்பவுண்டு வீடுகளை மறக்காதீர்கள். ஒரு கதவு எண்ணுக்குள் எட்டுக் குடும்பம் இருந்திருக்கும். பத்திரத்தில் உரிமையாளர் மட்டும், நினைவில் முன்வீட்டுக்காரர் மட்டும். நடையில் வரிசையாக இருந்த இ.பி. மீட்டர்களை எண்ணச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் ஆள் கேளுங்கள். பழைய ரேஷன் கார்டு கிடைத்தால் குடும்பத்தினர் பெயர் வயசோடு வந்துவிடும். 2002, 2005 வாக்காளர் பட்டியல்கள் தேர்தல் துறைத் தளத்தில் ஏற்றப்பட்டன. கதவு எண் வாரியாக இருப்பதால் பின்னோக்கிப் போக நல்ல படிக்கட்டு.

வெளியிடும்போது பாகப்பிரிவினைத் தகராறு, தத்து, கடன், இரண்டாம் தாரம் எல்லாம் உங்கள் நோட்டோடு இருக்கட்டும். உயிரோடு இருப்பவர் பெயரைக் கேட்காமல் போடாதீர்கள். இப்போதைய கதவு எண்ணும் வெளியே வேண்டாம்.

மாசிக்குறுக்கு

நன்றி. ஒரு வீட்டில் நான்கு மொய் நோட்டு கிடைத்திருக்கிறது. அட்டை கிழிந்து தேதி போய்விட்டது. ஒன்றில் மட்டும் ‘சௌமிய வருஷம் தை’ என்று உள்ளே இருக்கிறது. எப்படிப் பயன்படுத்துவது?

பழையபில்

மொய் நோட்டு கிடைத்தது அதிர்ஷ்டம். சௌமிய 1969 சித்திரையில் பிறந்தது, தை மாதம் என்றால் 1970 ஜனவரி-பிப்ரவரி. தமிழ் வருஷத்தை அப்படியே 1969 என்று போட்டால் தை, மாசி, பங்குனிக் கல்யாணம் எல்லாம் ஒரு வருஷம் முன்னால் போய்விடும். அறுபது வருஷச் சுழற்சியில் 1909-லும் ஒரு சௌமிய உண்டு, ஆனால் தொகை ரூபாய்-பைசாவில் இருந்தால் அந்தச் சந்தேகம் வராது.

மற்ற மூன்றையும் இதனோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தலாம். ஒரே குடும்பம் 2 ரூபாய், 5 ரூபாய், 11 ரூபாய் என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கும், குறைந்த தொகை உள்ள நோட்டு பெரும்பாலும் முந்தியது. அப்பா பெயரில் வந்த மொய் மகன் பெயருக்கு மாறியிருந்தால் அந்த இரண்டு நோட்டுக்கும் நடுவில் பெரியவர் போயிருக்கிறார் அல்லது கடை கைமாறியிருக்கிறது. பெயருக்கு முன்னால் ‘பலசரக்கு’, ‘சைக்கிள் கடை’, ‘நாட்டு மருந்து’ என்று எழுதியிருப்பதைத் தனியாக எடுத்துத் திண்ணை சொன்ன ‘தெரு கூப்பிட்ட பெயர்’ கட்டத்தில் போடுங்கள்.

தொகையை மட்டும் இணையத்தில் போட்டுவிடாதீங்க. அந்த வீட்டில் திருப்பிச் செய்யாத மொய் இன்னும் பாக்கி இருக்கும்.