மூன்று திட்டங்களுக்கு ஒரே பொது நிரல்: சப்மாட்யூலா, தனி லைப்ரரியா?

கேள்வி

வணக்கம். சி மொழியில் எழுதப்பட்ட மூன்று கட்டற்ற திட்டங்கள். கான்ஃபிக் கோப்பைப் படிப்பது, லாக் எழுதுவது ஆகிய வேலைகளுக்கான சுமார் 4000 வரிகள் தனி ரிப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இருக்கின்றன. மூன்றும் அதைக் கிட் சப்மாட்யூலாக, அதாவது ஒரு ரிப்போவுக்குள் சுட்டி வைத்த இன்னொரு ரிப்போவாக, சேர்த்திருக்கின்றன. பொது ரிப்போவில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தினால், வேறொரு திட்டத்தின் பில்ட் உடைவது பல நாள் கழித்துத்தான் தெரிகிறது. வெளியீட்டுப் பக்கத்தில் டார்பால் (மூல நிரல் முழுதும் கட்டிய ஒற்றைக் கோப்பு) இறக்குபவர்களுக்கு சப்மாட்யூல் டைரக்டரி காலியாக வருகிறது. பேசாமல் ஷேர்டு லைப்ரரியாகவே (நிரல்கள் ஓடும்போது பகிர்ந்துகொள்ளும் தனிக் கோப்பாக) ஆக்கிவிடலாமா? வெளியீடுகளை எந்த வரிசையில் விடுவது?

பதில் 1

டார்பாலை முதலில் சரிசெய்யுங்கள், அது எளிது. டார்பால் செய்யும் 'கிட் ஆர்க்கைவ்' கட்டளை சப்மாட்யூலுக்குள் நுழையாது. டேக் (ஒரு கமிட்டுக்கு இடும் நிலையான பெயர்) போட்டதும் தளங்கள் தாமாகத் தயாரிக்கும் டார்பாலும் அப்படித்தான். உங்கள் பில்ட் கருவி ஆட்டோடூல்ஸ் என்றால் 'மேக் டிஸ்ட்', மெசான் என்றால் துணைத் திட்டங்களையும் சேர்க்கும் விருப்பத்தோடு 'மெசான் டிஸ்ட்' கொடுத்து நீங்களே டார்பால் செய்து, கையொப்பத்துடன் ஏற்றுங்கள். ஏற்றும் முன் அதை வெற்று டைரக்டரியில் விரித்து ஒரு தடவை பில்ட் செய்து பாருங்கள்.

அடுத்தது, சப்மாட்யூல் நினைவில் வைத்திருப்பது பிராஞ்சை அல்ல, ஒரே ஒரு கமிட் ஹாஷை (அந்தக் கமிட்டின் அடையாளக் குறியீட்டை). பொது ரிப்போவில் யாராவது ரீபேஸ் செய்து (பழைய கமிட்டுகளை மாற்றி எழுதி) ஃபோர்ஸ் புஷ் கொடுத்தால், பழைய வெளியீடு சுட்டும் ஹாஷுக்குப் போகும் வழியே அடைபடும். பிறகு அந்த வெளியீட்டைப் புதிதாக எடுத்துக் கட்டவே முடியாது. ஆகவே மெயின் பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ்ஷைத் தடுத்துவிடுங்கள். வெளியீடு சுட்டும் ஒவ்வொரு ஹாஷுக்கும் டேக் இருக்கட்டும். உள்ளே கமிட் செய்ததை புஷ் செய்யாமல் வெளியே மட்டும் புஷ் செய்வதும் அடிக்கடி நடப்பதே. கிட் அமைப்பில் 'புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ்' என்பதை 'செக்' ஆக்கினால் அந்த புஷ் மறுக்கப்படும்.

பதில் 2

லைப்ரரி ஆக்குவது இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஷேர்டு லைப்ரரி என்றால் பைனரி அளவில் ஒரு வாக்குறுதி: ஏற்கெனவே கம்பைல் செய்த நிரல்கள் மறுபடி கட்டாமலே ஓடும் என்பது. ஃபங்ஷன்கள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும்போது அதைக் காப்பாற்ற முடியாது. லைப்ரரி கட்ட உதவும் லிப்டூல் கருவியின் மூன்று எண்களைப் பாருங்கள்: கரன்ட், ரிவிஷன், ஏஜ். இப்போது 3:2:1 என்று வைத்துக்கொள்வோம். புதிய ஃபங்ஷன் மட்டும் சேர்ந்தால் 4:0:2. லினக்ஸில் சோநேம் (நிரல் தனக்கு வேண்டிய லைப்ரரியைத் தேடும் பெயர்) எண், கரன்ட் கழித்தல் ஏஜ். முன்பும் 2, இப்போதும் 2. பழைய நிரல்கள் அப்படியே ஓடும். ஒரு ஃபங்ஷனை நீக்கினாலோ 5:0:0, சோநேம் 5. சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். வெளியீட்டு எண்ணையே இங்கே எழுதிவிடுவது பலர் செய்யும் தவறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நூ திட்டங்களுக்கான பொது நிரல் தொகுப்பான நூ-லிப் திட்டம் நெடுங்காலமாக நிரலை மூல வடிவில் பகிரும் வழியில்தான் போகிறது. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளைத் தரும் கோர்யூட்டில்ஸ் அதை சப்மாட்யூலாகவே வைத்திருக்கிறது. மறுபக்கம், கேடிஇ டெஸ்க்டாப் திட்டத்தின் லைப்ரரித் தொகுப்பான கேடிஇ ஃபிரேம்வொர்க்ஸ் 2014 முதல் தனி லைப்ரரிகளாக மாதந்தோறும் வெளிவருகிறது. அதற்குப் பின்னால் பைனரி இணக்கத்தைக் காக்கும் கடுமையான விதிகள் உண்டு. அந்த உழைப்பைத் தர ஆள் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

பில்ட் உடைவதற்கு மருந்து: பொது ரிப்போவின் சிஐ (தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு), ஒவ்வொரு மெர்ஜ் கோரிக்கைக்கும் மூன்று திட்டங்களையும் கட்டிப் பார்க்க வேண்டும், அவற்றின் மெயின் பிராஞ்சையும் கடைசி நிலையான பிராஞ்சையும். பெயர் மாற்ற வேண்டுமானால் புதியதைச் சேர்த்து, பழையதற்கு 'டெப்ரிகேட்டட்' குறி போடுங்கள். மூன்று திட்டங்களும் புதிய பெயரோடு வெளியான பிறகே பழையதை நீக்குங்கள்.

வரிசை: பொது ரிப்போவில் ஆர்சி (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) டேக், மூன்றும் அதற்கு மாறிச் சோதனை, பிழை இல்லையென்றால் அதே கமிட்டுக்கு இறுதி டேக், அதன் பிறகே திட்டங்களின் வெளியீடு. டேக் இல்லாத கமிட்டைச் சுட்டிக்கொண்டு எந்தத் திட்டமும் வெளியாகக் கூடாது.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் நகல் வைப்பதற்கும் விலை உண்டு. 2002-இல் தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரியில் இரட்டை ஃப்ரீ பிழை (ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிப்பது) தெரியவந்தபோது, அதை உள்ளே நகலெடுத்து வைத்திருந்த மென்பொருள்களை எல்லாம் தனித்தனியாகத் தேடித் திருத்த நேர்ந்தது. டெபியன் லினக்ஸின் கொள்கையும் இத்தகைய நகல்களை விரும்புவதில்லை. ஆகவே பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மூன்று திட்டங்களும் ஒரே நாளில் புள்ளி வெளியீடு விட ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்று: உங்கள் திட்டங்களில் ஒன்று மற்றொன்றின் பிளகினாக ஏறுமா? ஏறினால் ஒரே பிராசஸில் இரண்டு நகல்கள். லினக்ஸில் ஒரே பெயருள்ள ஃபங்ஷன் இரண்டு இருந்தால், பொதுவாக முதலில் ஏற்றப்பட்டதே இரண்டு பக்கமும் அழைக்கப்படும். அவற்றின் ஸ்ட்ரக்ட் அளவு வேறாக இருந்தால் நினைவகம் கெடும், கிராஷ் சம்பந்தமில்லாத இடத்தில் தெரியும். பொது நிரலின் பெயர்கள் வெளியே தெரியாதபடி 'விசிபிலிட்டி ஹிடன்' கொடியோடு கம்பைல் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஆமாம், ஒன்று பிளகினாக ஏறுகிறது. கொடியை இன்றே சேர்க்கிறேன். நிலையான பிராஞ்சுக்கான திருத்தத்தை எங்கே எழுதுவது?

பதில் 2

முதலில் பொது ரிப்போவின் மெயினில். பிறகு, உதாரணமாக, 1.4 டேக்கிலிருந்து ஒரு பிராஞ்ச் வெட்டி, செரி-பிக் செய்து (அந்தக் கமிட்டை மட்டும் எடுத்து வைத்து) 1.4.1 டேக் போடுங்கள். திட்டத்துக்குள் இருக்கும் சப்மாட்யூல் டைரக்டரியில் நேரடியாகத் திருத்தாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஹெட் (கிட் இப்போது நிற்கும் இடம்) எந்தப் பிராஞ்சிலும் இருக்காது, அடுத்த அப்டேட்டில் உங்கள் கமிட் கண்ணில் படாமல் போய்விடும்.