மறு: டிராக் பந்தய ‘லாஞ்ச்’சுக்கு ‘எடுப்பு’ என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

> கியர் மாற்றி ஓட்டும் டர்போ காரை டிராக் பந்தயத்தில் ‘லாஞ்ச்’ செய்வதற்கு என்ன சொல்? ராக்கெட்டுக்கு வைத்திருக்கும் ‘ஏவுதல்’ போதாதா?

போதாது என்பது என் கருத்து. (இங்கே டிராக் என்பது drag: நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம். அதில் தொடக்கக் கோட்டிலிருந்து காரைக் கிளப்புவதுதான் லாஞ்ச்.) இழையில் இதுவரை ஏவல், பாய்ச்சல், புறப்பாடு ஆகிய மூன்றும், ஈழத்து நண்பர் தந்த ‘வெளிக்கிடல்’ என்ற சொல்லும் வந்திருக்கின்றன. எல்லாமே நல்ல சொற்கள். ஆனால் கோட்டில் நிற்கும் ஓட்டுநர் அந்த இரண்டு விநாடியில் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் சொல்லை முடிவு செய்துவிட்டால், அதை ஒட்டி வரப்போகும் சொற்கள் எல்லாம் கோணலாகிவிடும். அதனால் முதலில் செயலைப் பார்த்துவிடலாம்.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரை வைத்துச் சொல்கிறேன். 2.5 லிட்டர் டர்போ எஞ்சின், ஆறு கியர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, சுமார் 300 குதிரைத்திறன். அமெரிக்காவில் 2004 முதல் 2021 மாடல் வரை விற்பனையில் இருந்தது. உள்ளூர் டிராக் ஓடுதளங்களில் சாதாரண மக்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாட்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதில் லாஞ்ச் கண்ட்ரோல், அதாவது கிளம்பும்போது எஞ்சின் சுற்றைக் கணினி பிடித்து வைக்கும் வசதி, கிடையாது. எல்லாம் ஓட்டுநரின் இடது காலில்தான்.

இந்தக் காரின் முதல் கியர் விகிதம் 3.636, இறுதி விகிதம் 3.9. பெருக்கிப் பார்த்தால், எஞ்சின் ஏறத்தாழ 14 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். ஆக, எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் இருக்கிறது, கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கிறது, டயரும் வழுக்கவில்லை என்றால் கார் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆனால் கோட்டில் கார் அசையாமல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை ஏதாவது ஒன்று ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். கிளட்ச் தகடு நழுவலாம். டயர் ரோட்டில் வழுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் எஞ்சினின் சுற்று சடாரென விழும். வேறு வழி கிடையாது. லாஞ்ச் கற்றுக்கொள்வது என்றால் இந்த மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்று கற்றுக்கொள்வதுதான்.

டர்போ எஞ்சினில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போ சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிறது. நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை 5,000 சுற்றுக்கு ஏற்றினால் சத்தம் பலமாக இருக்கும், அழுத்தம் பெரிதாக ஏறாது. சுமை இல்லாத எஞ்சினுக்கு அந்தச் சுற்றைத் தக்கவைக்கக் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் பெட்ரோலும் போதும், அதனால் புகையும் குறைவு. தானியங்கி கியர் காரில் ஒரு காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, மறு காலால் ஆக்சிலரேட்டரைக் கொடுத்து, எஞ்சினையும் கியரையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கு எதிராக எஞ்சினைச் சுமையில் நிறுத்தி அழுத்தத்தைக் கட்டிவிடலாம். கிளட்ச் மிதி உள்ள காரில் அந்த வசதி இல்லை. பச்சை விளக்கை எதிர்பார்த்துக் காலை எடுக்கத் தொடங்கும் கணத்தில்தான் எஞ்சினுக்கு முதல் சுமையே கிடைக்கிறது. ஆகவே நழுவும் கிளட்ச் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. இரண்டு வேகங்களை ஒன்றுசேர்க்கிறது, டர்போவுக்குத் தேவையான சுமையையும் கொடுக்கிறது. கிளட்சை முழுதாகப் பிடிக்க விடுவதற்குள் அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். ஏறுவதற்கு முன்னால் விட்டால் எஞ்சின் 2,500க்குக் கீழே விழுந்து, டர்போ மறுபடி வேகம் பிடிக்கும்வரை கார் திணறிக்கொண்டே போகும். அதிக நேரம் நழுவ விட்டாலோ கிளட்ச் தகடு கருகும் வாடை வந்துவிடும்.

இப்போது சொல்லுக்கு வருவோம்.

‘ஏவல்’ என்றாலே ஏவுபவர் ஒருவர், ஏவப்படுவது ஒன்று என்று இரண்டு இருக்க வேண்டும். ஏவிய பிறகு ஏவியவருக்கு அங்கே வேலை இல்லை. இங்கே ஓட்டுநர் உள்ளேயே உட்கார்ந்து, கால் விரலால் அளந்து அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். போதாததற்கு ஏவல், பில்லி, சூனியம் என்ற வரிசை வேறு நம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பாய்ச்சல்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது நல்ல லாஞ்ச் நடந்தால் கிடைக்கும் விளைவு. டயர் புகைந்து கார் நின்ற இடத்திலேயே நின்றதை ‘மோசமான பாய்ச்சல்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘புறப்பாடு’ம் ‘வெளிக்கிடலு’ம் ஓரிடத்தை விட்டுக் கிளம்புவதைத்தான் சொல்கின்றன, எப்படிக் கிளம்புவது என்ற நுட்பம் அவற்றில் இல்லை.

என் பரிந்துரை: எடுப்பு.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் முதல் நாள் என்ன சொல்கிறார்? “கிளட்சை மெதுவா விட்டு வண்டியை எடு.” பேருந்து கிளம்பியதைச் சொல்லும்போதும் “வண்டிய எடுத்துட்டான்” என்கிறோம். நின்ற வண்டியைக் கிளட்சு வழியாக நகர்த்தும் செயலுக்கு நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் வினை ‘எடு’. டிராக் ஓட்டுநர் செய்வதும் அதே செயல்தான், உச்சபட்ச அளவில். தமிழிசையிலும் பல்லவியை எடுப்பு என்கிறோம், அனுபல்லவி தொடுப்பு, சரணம் முடிப்பு. தாளத்தின் எந்த இடத்தில் பாட்டு தொடங்குகிறதோ அந்த இடத்துக்கும் எடுப்பு என்றுதான் பெயர். தொடக்கம், அதைச் சரியான இடத்தில் பிடிக்கும் திறமை இரண்டும் அந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கின்றன.

‘பிக்கப்’ என்பதோடு குழம்பாதா என்று கேள்வி வரும். பிக்கப் காரின் குணம், அதற்கு முடுக்கம் என்ற சொல் இருக்கிறது. எடுப்பு ஓட்டுநரின் செயல். ஒரே காரை இருவர் ஓட்டினால் முடுக்கம் மாறாது, எடுப்பு மாறும். எடுப்பான நிறம், எடுப்புச் சாப்பாடு போன்ற பழைய பொருள்களால் தொந்தரவு வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

இதை வேராக வைத்தால் மற்றவை தாமாக வருகின்றன. கோட்டில் எஞ்சினை எந்தச் சுற்றில் பிடிப்பது என்பது எடுப்புச் சுற்று. எஸ்டிஐ மாதிரி நான்கு சக்கர இழுவைக் காருக்கு அது பொதுவாக 4,000க்கும் 5,500க்கும் நடுவில் எங்கோ இருக்கும். பிடிமானம் நிறைய இருப்பதால் டயர் எளிதில் வழுக்காது, குறைந்த சுற்றில் விட்டால் திணறிவிடும். பின்சக்கர இழுவைக் காருக்குச் சாதாரணத் தெரு டயரில் இதைவிட நிறையக் குறைக்க வேண்டும். ஹோண்டா சிவிக் டைப் ஆர் போல முன்சக்கரம் இழுக்கும் கார்தான் எல்லாவற்றிலும் கடினம். கார் முன்னால் பாயும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடுகிறது.

கிளட்ச் பாதியில் நழுவுவதற்கு ‘உராய்வு நழுவல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மெக்கானிக் கடையில் ‘ஹாஃப் கிளட்ச்’ என்பார்கள். ‘அரைக்கிளட்ச்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கிளட்சுக்கே தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் அதைத் தனி இழையில் பேசட்டும், இங்கே அதைச் சேர்த்தால் இரண்டும் முடியாது. டயர் சும்மா சுழல்வதற்கு வீண்சுழல். எஞ்சின் சுற்று விழுந்து கார் இழுக்காமல் போவதற்குத் திணறல், “வண்டி திணறுது” என்று எல்லோரும் சொல்வதுதான். டர்போ தரும் அழுத்தத்துக்கு ஊதழுத்தம். மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால் எந்த எடுப்பும் அரைக்கிளட்ச், வீண்சுழல், திணறல் மூன்றின் கலவைதான். ஒரே வரியில் இதைத் தமிழில் எழுத முடிகிறதே, அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

‘லாஞ்ச் கண்ட்ரோல்’ விஷயத்தில் ‘கட்டுப்பாடு’ வேண்டாம் என்று சொல்வேன். ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் காரில் அது உண்டு. முதல் கியரில் கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், எஞ்சின் சுற்றைக் கணினி ஓரிடத்தில் பிடித்து வைக்கும். கிளட்சை விடுவது அப்போதும் மனிதக் கால்தான். எனவே எடுப்புத்துணை. வெளியிலிருந்து பொருத்தும் ‘டூ ஸ்டெப்’ கருவிக்கு இருநிலை வரம்பு: கிளட்ச் மிதித்திருக்கும்போது ஒரு சுற்று வரம்பு, விட்ட பிறகு வழக்கமான வரம்பு. தீப்பொறியைத் தாமதப்படுத்தி, எரிதலைப் புகைக்குழாய் வரை நீட்டி, காரை நிறுத்திவைத்தே ஊதழுத்தம் ஏற்றும் முறையும் உண்டு. அந்தப் படபட வெடிச்சத்தம் அதிலிருந்து வருவது. டர்போவுக்கு அந்த வெப்பம் நல்லதில்லை.

எடுப்பையும் எதிர்வினை நேரத்தையும் சொல்லளவில் பிரித்து வைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இதுதான். விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்கு அரை விநாடி இடைவெளியில் எரிந்து, அடுத்த அரை விநாடியில் பச்சை வரும். பச்சைக்கும் கார் கோட்டை விட்டு நகர்வதற்கும் உள்ள இடைவெளி எதிர்வினை நேரம். ஓட்ட நேரமோ முன்டயர் கோட்டில் உள்ள ஒளிக்கற்றையை விட்டு விலகும் கணத்தில்தான் ஓடத் தொடங்கும். பச்சை வந்து மூன்று விநாடி கழித்துக் கிளம்பினாலும் ஓட்ட நேரம் கெடாது. ஆகவே பழகுபவர் விளக்கோடு போட்டி போடத் தேவையில்லை. நிதானமாகச் சுற்றை ஏற்றி, அமைதியாகக் காலை விடலாம்.

எடுப்பு எப்படி இருந்தது என்று காட்டும் எண் முதல் 60 அடி நேரம். கால் மைல் என்பது 1,320 அடி, அதில் இந்த 60 அடி மிகச் சிறிய பங்கு. ஆனால் இங்கே 0.1 விநாடி குறைத்தால் கடைசியில் 0.15 முதல் 0.2 வரை குறையும் என்பது டிராக் ஓட்டுநர்களின் பழைய கணக்கு. ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில் வரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எடுப்புச் சுற்றைச் சில நூறு மட்டும் கூட்டியோ குறைத்தோ போக வேண்டும். ஒரே நேரத்தில் டயர் காற்றையும் சுற்றையும் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது. தெரு டயர் என்றால் கோட்டுக்கு முன்னால், பந்தய டயரை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றுவதற்காக இருக்கும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள், டயரின் வரிப்பள்ளங்கள் ஈரத்தைக் கோட்டுக்கே கொண்டுவந்துவிடும். எஸ்டிஐயில் காற்றைக் குளிர்விக்கும் பகுதி எஞ்சினுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பதால், வரிசையில் காத்திருக்கும்போதே சூடேறிப் போகும். இதற்கு வெப்பத்தேக்கம் என்ற சொல்லைக் கொடுக்கலாம். அப்புறம், கால் மைலை 13.99 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடும் காருக்கு அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி தலைக்கவசம் கட்டாயம். எஸ்டிஐ நல்ல எடுப்போடு அந்த எல்லைக்குள் வந்துவிடும், அதனால் முதல் நாளே கையில் இருக்கட்டும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு இது:

எடுப்பு: நிற்கும் வண்டியின் எஞ்சின் சுழற்சியைக் கிளட்ச் வழியாகச் சக்கரத்துக்குக் கொடுத்து, கிளட்ச் முழுதாகப் பிடித்து வழுக்கல் நிற்கும்வரை ஓட்டுநர் செய்யும் செயல்.

‘வழுக்கல் நிற்கும்வரை’ என்பது தேவையா, ‘கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்வரை’ போதுமா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். கிளட்ச் பிடித்த பிறகும் பின்சக்கரம் சிறிது தூரம் வீண்சுழலில் போவது உண்டு, அதையும் எடுப்புக்குள் சேர்ப்பதே சரி என்று படுகிறது. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் டிராக் பைக் ஓட்டுபவர்கள் யாராவது குழுவில் இருந்தால், பிட்டில் (வண்டியைத் தயார்செய்யும் இடத்தில்) இதற்கு என்ன சொல் புழங்குகிறது என்று எழுதுங்கள். பைக்கில் கிளட்ச் கையில் இருக்கிறது, முன்சக்கரம் தூக்குவது வேறு சேர்ந்துகொள்கிறது. அதற்கும் இந்த வரையறை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றலாம்.