'தி லாங்கஸ்ட் டே' அசல் பிரதி எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்கியதைக் காட்டும் 1962 படம் இது. நான் வாங்கிய டிஸ்க்கில் ஜெர்மன் தளபதிகள்கூட ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். அசலில் ஜெர்மானியர் ஜெர்மனிலும் பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சிலும் பேசுவார்கள், கீழே சப்டைட்டில் ஓடும். படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எதிர் முகாமின் குழப்பத்தை அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும்.

அப்பா இதை இளவயதில் தியேட்டரில் பார்த்தவர். சேன்ட் மேர் எக்லீஸ் ஊரின் தேவாலயக் கோபுரத்தில் பாராசூட் சிக்கி, செத்தவன் போலத் தொங்கிய வீரனைப் பற்றி இன்றும் சொல்வார். ஜான் ஸ்டீல் என்ற அந்த வீரர் நிஜத்தில் இருந்தவர். அப்புறம், ஹெலிகாப்டரிலிருந்து வெட்டே இல்லாமல் எடுத்த அந்தத் தெருச்சண்டை! அடுத்த மாதம் அப்பாவுக்கு 80 வயது. அன்றைக்குச் சேர்ந்து பார்க்க ஆசை.

பல மொழி ஒலியோடு, கறுப்பு வெள்ளையில் உள்ள ப்ளூ ரே யாரிடமாவது இருக்கிறதா? எந்தப் பதிப்பை வாங்கலாம்? வண்ணம் பூசிய பிரதி வேண்டாம். சப்டைட்டில் எழுத்து பெரிதாகத் தெரியுமா என்பதையும் சொல்லுங்கள், அவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மங்கல்.